மூன்றாம் குளத்து மீன்கள்

படபடவென்று மோட்டார் படகுச் சத்தம் கேட்டதும் வடிவேல் சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். பர்மாவின் த்வாண்டே கால்வாயில் இந்த நேரத்துக்கு வேறு படகு வராது. சுகாதார அதிகாரிதான். நாளை வரவேண்டியவர் இன்றே வந்துவிட்டார்!

கையைக்கூடக் கழுவாமல் குளத்துக்கு ஓடினான். மனைவி சொர்ணம்மாள் அவனுடைய சட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

பெரும்புயலுக்கு அடுத்த வருஷம் அது. நாற்பது தமிழ்க் குடும்பங்களின் கழிவுநீர் முன்பெல்லாம் குடிதண்ணீர்க் குளத்தை ஒட்டித்தான் ஓடியது. வயிற்றுப்போக்கில் இரண்டு குழந்தைகள் போன பிறகு, ரங்கூனில் பதினைந்து வருஷம் சாக்கடை வேலை பார்த்த வடிவேல், வீடு வீடாகக் கெஞ்சி மூன்று குளங்கள் வெட்டினான். முதல் குளத்தில் கசடு தங்கும். இரண்டாவதில் சரளைக்கும் கோரைக்கும் நடுவே நீர் வடியும். மூன்றாவதில் கெண்டைக் குஞ்சுகள் விட்டிருந்தான். அவை உயிரோடிருந்தால் தண்ணீர் சுத்தம். இல்லாவிட்டால் குளங்களை மூடிவிட வேண்டும். அதிகாரியிடம் அப்படித்தான் பேச்சு.

இப்போது மூன்றாம் குளத்தில் ஒரு குஞ்சுகூட இல்லை.

வடிவேல் குழாய் வாங்க ரங்கூன் போய் இன்று காலையில்தான் திரும்பியிருந்தான். போகும்போது கூட்டம் கூட்டமாக நீந்தினவே!

"என்னண்ணே, பிரியாணி தின்ன ரங்கூன் பபேடான் கடைக்குப் போயிடுச்சா உன் மீனெல்லாம்?" என்றார் டீக்கடை ரஹ்மத்துல்லா.

"வாயை மூடுய்யா!"

அதிகாரி ஊ சோ தேய்ன் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். எட்டிப் பார்த்தார். "மீன் எங்கே, ஊ வடிவேல்?" என்று, பெயருக்கு முன் மரியாதைக்கு 'ஊ' சேர்த்து, பர்மிய மொழியில் கேட்டார்.

"மூணு நாள் முன்னாடி இருந்துச்சு, சயா" என்று பர்மிய 'ஐயா'வைச் சேர்த்துச் சொன்னான் வடிவேல்.

"இன்றைக்கு இல்லையே." அவர் பையிலிருந்து, குளங்களை மூடும் உத்தரவுக் காகிதத்தை உருவினார்.

அப்போது 'சளார்' என்று தண்ணீர் தெறித்தது. முழங்கை நீள விரால் ஒன்று துள்ளி விழுந்தது.

"பாருங்க சயா! உயிருள்ள மீன்!"

"விரால் சேற்றிலும் பிழைக்கும். அது கணக்கில்லை."

வடிவேல் குளத்தையே வெறித்தான். அதிகாரியின் பேனா மூடி கழன்றது. சட்டென்று வடிவேல் கரையில் கிடந்த வலையை எடுத்துக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினான். இரண்டு முறை தவறியது. மூன்றாவது வீச்சில் விரால் வலைக்குள் திமிறியது.

"சொர்ணம், கத்தியைக் கொண்டா!"

சொர்ணம்மாள் அசையவில்லை.

"ஏன் மரம் மாதிரி நிக்கிறே? ஓடு!"

அவள் கத்தியோடு வந்தபோது அதிகாரி கையை உயர்த்தினார். "பொறுங்கள். எங்கள் புத்த வழக்கப்படி யாராவது வேண்டிக்கொண்டு, புண்ணியத்துக்காக உயிரோடு வாங்கி விட்ட மீனா இது? அப்படியானால் என் கண் முன்னால் வெட்டாதீர்கள். வெட்டினால் விட்டவருக்கே பெரும் பாவம்."

"எங்காளுங்கள்ல யாரு சயா விடப் போறாங்க? மழை வெள்ளத்துல ஏறி வந்திருக்கும்" என்றான் வடிவேல்.

அவர் சொர்ணம்மாளைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டுக் கத்தியைக் கணவனிடம் நீட்டினாள்.

கிழித்த வயிற்றிலிருந்து வாழையிலையில் கொட்டின கெண்டைக் குஞ்சுகள். பதினொன்று. கடைசிக் குஞ்சு இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் முழுங்கியிருக்கு, சயா! அதுவரைக்கும் இந்தத் தண்ணியிலதானே உயிரோட இருந்துச்சு!"

அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு காகிதத்தைப் பைக்குள் திணித்தார். "குளங்கள் இருக்கட்டும். வேறு விரால் இருந்தால் பிடித்துக் கால்வாயில் விடுங்கள். புதுக் குஞ்சு விட்டுச் சொல்லி அனுப்புங்கள்."

படகு கிளம்பியதும் ரஹ்மத்துல்லா கூவினார்: "எல்லாருக்கும் டீ!"

வடிவேல் சிரித்தபடி திரும்பினான். சொர்ணம்மாள் வெட்டுப்பட்ட விராலின் அருகே உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சாச்சு, எதுக்குடி அழறே?"

"உங்க குளம் பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டு முந்தாநாள் நாந்தாங்க ஏழு விரால் வாங்கி விட்டேன்; அதைச் சொல்லியிருந்தா அந்த சயா உங்களை வெட்ட விட்டிருப்பாரா?"