வீரபாண்டிக்கு வந்த கடல்

2005ஆம் ஆண்டு மாசி மாதம், திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதிக்குள் கடல் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். வெளியே சுள்ளென்று வெயில். பக்கத்துச் சந்தில் புழுதிகூட அடங்கவில்லை. கதவிடுக்கில் நுழைந்த தண்ணீர், வரிசையாகக் கிடந்த பாய்களில் அனுசுயாவின் பாயை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுநாளும் வந்தது. விடுதியைப் பார்த்துக்கொண்ட பிரிசில்லா, குழாய் உடைந்துவிட்டதென்று பிளம்பரைக் கூப்பிட்டாள். அவர் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது கடலுங்க. நம்ம வேலை இல்லீங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அனுசுயாவுக்குப் பதினாறு வயது. நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் குப்பம். மார்கழியில் அலை வந்த காலையில் தங்கை கவியரசியை இடது கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். அலை வடிந்தபோது கையில் யாரும் இல்லை. அம்மா முகாமில் படுத்த படுக்கையாகிவிட, ஏஜெண்ட் ஒருவர் வேனில் ஏற்றிவந்த பெண்களோடு அவளும் திருப்பூர் வந்து சேர்ந்தாள். அன்று மூடிய இடது கை பிறகு திறக்கவில்லை. முகாம் டாக்டராலும் பிரிக்க முடியவில்லை. ஒற்றைக் கையாலேயே பனியன் மடித்தாள். யாரோடும் பேசமாட்டாள். சாப்பாட்டைத் தட்டோடு வைத்துவிடுவாள்.

மேனேஜர் அங்கமுத்துவுக்கு ஷிப்மெண்ட் போக வேண்டும். விடுதியில் யாரும் கடல் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். "சாவு எல்லா ஊட்லயுந்தான். ரெண்டு மாசமாச்சு, இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா எப்படி?" என்றார். பிரிசில்லாவும் தன் பங்குக்கு, "மறந்துரு கண்ணு" என்று அனுசுயாவின் தலையைத் தடவினாள். அப்படிச் சொன்ன ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. முழங்காலைத் தொட்டதும் அங்கமுத்து அவளைத் துணிக் குடோனில் வைத்துப் பூட்டினார். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து அனுசுயா முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"அந்தாளு ரூமுக்குப் போ."

கடல் போனது. ஜெர்மனிக்குப் போகவேண்டிய பெட்டிகள் மிதக்க, அங்கமுத்து மேஜைமேல் ஏறி நின்று கத்தினார். குடோனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

பூட்டைக் கல்லால் உடைத்தவள் பிரிசில்லா. இந்தத் தடவை தலையைத் தடவவில்லை. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஈரத் தரையில் அனுசுயா பக்கத்தில் உட்கார்ந்தாள். மறக்கச் சொன்னது தன் தப்பு என்றாள். பிறகு கேட்டாள்:

"இத என்ன பண்ணோணும்னு இருக்குது உனக்கு?"

"சாவடிக்கணும்க்கா."

"செரி. எப்படி?"

அப்படி அவளை யாரும் கேட்டதில்லை. கடல் அடிபட வேண்டும், காய வேண்டும், கொதிக்க வேண்டும் என்றாள். விடுதிப் பெண்கள் வாளி வாளியாக மொண்டு முற்றத்துத் தார்ப்பாயில் ஊற்றினார்கள். துணி துவைக்கும் கட்டையால் அனுசுயா அதைக் கை ஓயும்வரை அடித்தாள். பிரிசில்லா பக்கத்திலேயே நின்றாள், போதும் என்று ஒரு தரமும் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் கடல் வற்றி உப்பானது. சாயம் பிடிக்க உப்பு வேண்டும் என்பதால் பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர்கள் அதைத் தங்கள் தொட்டியில் போட மறுப்புச் சொல்லவில்லை. கொதிக்கும் சிவப்புச் சாயத்தின் முன்னால் நின்ற அனுசுயாவுக்கு உப்பை அள்ள ஒரு கை போதாதபோது, இடது கை தானாகத் திறந்தது. நகம் பதிந்த புண்களில் உப்பு எரிந்தது.

"நான் விடலக்கா! அதுதான் புடுங்கிச்சு!"

"ஆமா கண்ணு. அதுதான் புடுங்குச்சு."

அன்று அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் உட்கார்ந்து கவியரசியைப் பற்றிப் பேசினார்கள்: அவள் எதற்கெல்லாம் அடம் பிடிப்பாள், யாரைக் கடித்துவைத்தாள் என்று. சில வாரம் அனுசுயா பேசாமல் கட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவாள். அதுவும் சரிதான் என்று பிரிசில்லா விட்டுவிடுவாள். அங்கமுத்துவின் சட்டை மட்டும் காயவே இல்லை. சித்திரை வெயிலிலும் சொட்டச் சொட்ட ஆபீஸ் வந்தார். மன்னித்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். "ஈரமாவே இருக்கட்டும்" என்று அனுசுயா சொல்லியனுப்பினாள்.

2009இல் அவள் முதலிபாளையத்தில் வாடகைக்கு வீடு பிடித்து அம்மாவை அழைத்துக்கொண்டாள். மார்கழிக்கு மார்கழி கடல் அங்கேயும் வருகிறது. "எந் தங்கச்சிய எங்க வெச்சிருக்க?" என்று கேட்கிறாள். அது வாசற்படியை நக்குகிறது. "அப்ப வெளியவே நில்லு" என்கிறாள். நிற்கிறது. அக்கம்பக்கத்தார் அன்றைக்குச் செருப்புகளை உயரத்தில் எடுத்து வைக்கிறார்கள். பால்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலைத் தாண்டி வந்து, பாலை ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.