பிணைக்கு ஓர் ஆள்

விடிந்தும் விடியாத நேரத்துப் பனியில் ஏணிப் படிகள் வழுக்கின. யட்டவத்தை ஊருக்கு மேலே, மலையில் இருந்த அந்த மிளகுத் தோட்டத்தில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஏணியின் அடியை மிதித்துப் பிடிப்பார். அதுதான் வழக்கம். இன்று அழகையா தனியாக ஏறியிருந்தான். விரல்களில் மிளகுச்சாறு எரிந்தது. அதைவிட முகம் எரிந்தது.

அவனுக்கு ஏணி பிடிக்கும் சுந்தரம்மாவும் மற்றவர்களும் றோட்டோரம் நின்றார்கள். முதலாளி பறிகூலியைக் குறைத்துவிட்டார்; பழைய கூலி வரும்வரை எவரும் ஏறுவதில்லை என்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். அன்று கையுயர்த்தியவர்களில் அழகையாவும் ஒருவன்.

பிறகு ஏன் ஏறினான்? ஓடைக்கு அப்பால் அரசாங்கம் அவன், சுந்தரம்மா உட்பட ஐந்து தொழிலாளர் குடும்பங்களுக்குக் கொடுத்த காணி தரிசாய்க் கிடந்தது. மாடு வாங்க, மிளகுக்கொடி நட, மானியம் கேட்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தான். மானியம் முடிந்துவிட்டதாம். வங்கிக் கடனுக்கோ வருமானமுள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டுமாம். இனக்கலவரத்துக்குப் பிறகு தோட்டத்து லயக் குடியிருப்புத் தமிழனுக்குப் பிணை நிற்க எவன் வருவான்? கடைசியில் முதலாளியின் பங்களாவுக்குப் பின்பக்கமாகப் போய் நின்றான்.

"நான் நிக்கிறேன். காலையில நீ ஏறு. ஒருத்தன் ஏறினா மத்தவன் தானா வருவான்" என்றார் முதலாளி. பாவி, தலையாட்டிவிட்டு வந்தான். பெண்சாதி காத்தாயியிடம்கூட வாய் திறக்கவில்லை.

அடியைப் பிடிக்க ஆளில்லாத ஏணி சரிந்தது. கிளையைப் பிடித்துத் தொங்கியவனை நோக்கி முதலில் ஓடி வந்தவள் சுந்தரம்மாதான். அந்த ஐவரில் ஒருவரான பக்கத்துக் காணிக்காரர் லாபிர் நானா தோள் கொடுத்து இறக்கினார். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "ஏன் எறங்கின? ஏறு."

அழகையா ஏறவில்லை. தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். "இவரு பிணைக்காக உங்கள வித்துட்டேன்" என்று முடித்தான்.

"எங்ககிட்ட ஏன் கேக்கல?" என்றாள் சுந்தரம்மா.

"நீங்களும் என்னயப் போல இல்லாதவங்கதானே."

"அதனாலதான் கேட்டிருக்கணும்."

முதலாளி சிரித்தார். "நான் நிக்காட்டி அந்தக் காணியில புல்லுத்தான் மொளைக்கும்."

"மொளைக்கட்டும் மொதலாளி" என்றார் லாபிர் நானா. "அதத் தின்னத்தான் மாடு வாங்கப் போறோம்."

அன்றே ஐந்து குடும்பத்திலிருந்தும் ஐந்து பேர் பஸ் ஏறினார்கள். ஒருவருக்கொருவர் பிணை நிற்பதாகச் சொன்னபோது வங்கி முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி இங்கே யாரும் கேட்டதில்லை, கண்டியில் மேலிடத்தில் விசாரிக்க வேண்டும், வேலைக்குப் போகாதவர்களுக்குக் கடன் கிடைக்குமென்று வாக்குத் தர முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். இருந்தாலும் அழகையாவுக்கு யார் பிணை என்று கேட்டார்.

நான்கு பேரும் எழுந்தார்கள்.

"சுந்தரம்மாவுக்கு?"

மூன்று பேர் எழுந்தார்கள். அழகையா அசையவில்லை. காலையில் காட்டிக் கொடுத்தவன் எந்த முகத்தோடு எழுவான்?

சுந்தரம்மா திரும்பிப் பார்த்தாள். "எந்திரி அழகையா. எனக்கு ஓராளு கொறையுது."

அவன் எழுந்தான். தலை நிமிரவில்லை, ஆனாலும் நின்றான்.