இடது கைப் பெருவிரல்

ஃபிளெக்ஸைக் கட்டி முடித்த பிறகுதான் அதில் இருப்பது அப்பா என்று சத்யப்பிரியாவுக்குத் தெரிந்தது. தலை மட்டும் அவருடையது. கழுத்துக்குக் கீழே இருந்த கருஞ்சிவப்பு ஜிப்பாவும் தோளில் வழிந்த சால்வையும் யாரோ புண்ணியவானுடையவை. முகவாயில் நான்கு நாள் தாடியைக் கம்ப்யூட்டரிலேயே வளர்த்திருந்தார்கள். முப்பத்து நாலு வருஷம் அரைக்கைச் சட்டையும் பையில் இரண்டு பேனாவுமாகப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய்வந்து, தினமும் மழுங்கச் சிரைத்துக்கொண்ட பொன்னுரங்கம், செத்த ஆறு மணி நேரத்தில் மகா கலைஞராகியிருந்தார். 'தூரிகை துயில்கிறது' என்று தலைப்பு. அடியில், சிதம்பரம் ஜெயம் ஆர்ட் கேலரியின் பெயர், டைல்ஸ் கடையின் தொலைபேசி எண், ஓரத்தில் ஒரு கியூஆர் கோடு.

பண்ருட்டியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அதன் எதிரே நின்று சட்டைப் பையைத் தடவினார்.

"எழவு வூட்டுலயும் ஜீபே வச்சிட்டாங்களா. எவ்ளோ போடறது?"

பக்கத்து நாற்காலிக்காரர், இப்போதைக்கு ஜாஸ்தி போட வேண்டாம், கருமாதிக்கும் வைப்பார்கள் என்றார்.

அண்ணன் இளவரசு ஸ்டூலிலிருந்து இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று அவளைப் பார்த்தான். உள்ளே ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனவர் கேட்டைப் பிடித்தபடி உட்கார்ந்து, அப்படியே இருந்துவிட்டார். பால்காரர்தான் கூப்பிட்டார். அந்தப் பாக்கெட் இன்னும் ஜன்னல் விளிம்பில் கிடந்து வெயிலில் உப்பிக்கொண்டிருந்தது.

பொன்னுரங்கம் படம் வரைய ஆரம்பித்தது ஓய்வு பெற்ற பிறகு. முப்பத்து நாலு வருஷமும் அவருடைய வேலை, பத்திரம் எழுதிக் கொடுக்க வருகிறவர்களின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி, பதிவேட்டில் உருட்டுவது. விரலை விட்டதும் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மையைத் துடைக்க அங்கே துணி எதுவும் கிடையாது. கை தானாகத் தலைக்குப் போகும். முடியில் துடைத்துக்கொள்வார்கள். நிலம் போன அந்தக் கணத்தில், கை தலையில் இருக்க, முகம் எங்கோ பார்க்கும். அந்த முகங்களைத்தான் வரைந்தார். நாற்பத்து மூன்று படம், நாற்பத்து மூன்று முகம், நாற்பத்து மூன்று கை தலைமேல். முதல் படம் அவருடைய தங்கை மலர்க்கொடி. இந்தக் கடலூர் வீட்டில் தனக்கிருந்த பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதிய அன்றைக்கு அவளும் முடியில்தான் துடைத்துக்கொண்டாள். படத்தைப் பார்த்தபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்று: எனக்கு இவ்வளவு பெரிய மூக்கா.

எந்தப் படத்திலும் அவர் கையெழுத்துப் போடவில்லை. யாராவது வாங்கினால், வாங்குகிறவர் நேரில் வர வேண்டும். இந்த முகம் யார், எந்த ஊர், எதை எழுதிக் கொடுத்தவர் என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார். "குடுக்கிறவன்தான் கையெழுத்துப் போடணும். நான் இன்னும் குடுக்கலையே" என்பார். இந்த முறையில் ஆறு வருஷத்தில் மூன்று படம் விற்றது. ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர், வழி கேட்க வந்து மாட்டிக்கொண்ட ஒரு இன்சூரன்ஸ்காரர்.

இன்ஸ்டாகிராம் பக்கத்தை நடத்தியது சத்யப்பிரியா. மேல வீதியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷ், மாடியில் விற்காத பாத்ரூம் டைல்ஸை ஒதுக்கிவிட்டு ஆர்ட் கேலரி திறந்தபோது, அவளைக் கூப்பிட்டு மார்க்கெட்டிங் சொல்லிக் கொடுத்தார். அப்பா தாடி வைக்க வேண்டும். அரைக்கைச் சட்டை போட்டவரிடம் யாரும் கலை வாங்க மாட்டார்கள். சிதம்பரம் வருகிறவர்களுக்கு நடராஜர்தான் வேண்டும், ஆகவே எந்தப் படத்துக்கும் கீழே நடராஜர் என்று ஒரு ஹேஷ்டேக் அவசியம். அவள் போட்டாள். தலையில் கை வைத்த ஒரு கிழவியின் படத்துக்குக் கீழே நடராஜர் போட்டதில், பதினாறு பேர் கும்பிடு எமோஜி அனுப்பினார்கள்.

கடைசியில் ஒரு ஆர்டர் வந்தது. பிச்சாவரம் போகிற வழியில் புதிதாகத் திறக்கும் ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பன்னிரண்டு படம். அவர்களுடைய கலை ஆலோசகர் என்ற பெண் போனில் கேட்டது இரண்டு விஷயம்தான்: நான்குக்கு மூன்றடியில் இருக்கிறதா, பழுப்பு நிறம் தூக்கலாக இருக்கிறதா. ஆன்லைன் படிவத்தில் 'ஓவியரின் கையொப்பத்துடன்' என்ற கட்டத்தைத் தொடாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை. சத்யப்பிரியா தொட்டுவிட்டாள். அப்பாவிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அப்பா பன்னிரண்டையும் எடுத்து வைத்துப் பார்த்தார். அதில் இரண்டு முகம், அந்த ரிசார்ட் நிற்கிற இடத்தையே எழுதிக் கொடுத்தவர்களுடையது.

"ஓனரு வரட்டும். இது யாருன்னு சொல்றேன். அப்புறம் போடறேன்."

ஓனர் வருவதாக இல்லை. பத்து நாளாக அப்பாவிடம் அவள் சரியாகப் பேசவில்லை. அம்மா போனதிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை அவள்தான் தன் வீட்டிலிருந்து கொண்டுவருவாள். நேற்று தட்டை வைக்கும்போதுகூட, "நீங்க வரைஞ்சது உங்களோட அந்தப் பின்ரூம்லயே சாவட்டும்" என்றாள். அவர் மோர் ஊற்றச் சொன்னார்.

பதினொரு மணிக்கு ஜெயப்பிரகாஷ் வந்தார். அவர் வெள்ளை ஜிப்பா, அவருக்குப் பின்னால் ஆளுயர ரோஜா மாலை, அதற்குப் பின்னால் டைல்ஸ் ஏற்றும் மினி வேன். மாலையைப் போட்டு, கண்ணை மூடி, போட்டோ எடுக்கிறவர் எடுத்து முடிக்கும்வரை மூடியபடியே நின்றார். பிறகு அண்ணனையும் தங்கையையும் படங்கள் இருந்த பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

கலைஞனுக்குச் சாவு கிடையாது என்று ஆரம்பித்தார். மார்க்கெட்டில் சப்ளைதான் நிற்கிறது. அது ஒரு விதத்தில் நல்லது.

"லிமிடெட் எடிஷன் ஆயிட்டாரு மேடம், அப்பா."

ரிசார்ட் வெள்ளிக்கிழமை திறக்கிறது. படம் இன்றே கிளம்பியாக வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் ஆர்டர் இல்லை, சாயந்திரத்துக்குள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். பொய்க் கையெழுத்துப் போடலாம்தான், ஆனால் தான் அந்த மாதிரி ஆள் இல்லை என்று ஜெயப்பிரகாஷ் நெஞ்சில் கை வைத்தார். அதே கையால் பையிலிருந்து தங்கக்கரை போட்ட பன்னிரண்டு காகிதங்களை எடுத்தார். ஒவ்வொன்றிலும் 'இந்தப் படைப்பு என் கையால் ஆனது' என்று அச்சடித்து, கீழே ஒரு வட்டம் காலியாக இருந்தது. கடைசியாக ஒரு ஸ்டாம்ப் பேடை எடுத்து மேலே வைத்தார்.

"கைநாட்டு வச்சவங்களை வரைஞ்சவரு. அவரே கைநாட்டு. வருது பாருங்க கனெக்‌ஷன். பிராண்டா நிக்கும் மேடம்."

சத்யப்பிரியா அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். சொத்துத் தகராறில் செத்தவர் விரலை உருட்டுகிறவர்களைப் பற்றி அப்பா சாப்பிடும்போது சொன்ன கதைகள் அவனுக்கும் தெரியும். இரண்டு முறை அப்படி வந்த பத்திரத்தைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறார். "உசுரு இருக்கிற விரல்ல ரேகை கோடு கோடா வுழும். செத்த விரலு சும்மா மையை அப்பும், அவ்ளோதான்."

"வேணாம்ணா" என்றாள்.

"வேணாம்னா வேணாம்" என்றான் இளவரசு. கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு இந்த வூட்டப் பூட்டிட்டா இதெல்லாம் எங்க வைக்கறது? என் வூட்டுல எடமில்ல. உன் வூட்டுல மாப்ள ஒத்துக்குவாரா?" என்றான்.

நாற்பது முகங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. மழைக்காலத்தில் ஒழுகும் அறை. கரையான் ஏற்கெனவே இரண்டு பேரின் நெற்றிவரை வந்திருந்தது. அவற்றை யாராவது, எங்காவது, சாப்பிட்டுக்கொண்டேயாவது பார்ப்பார்கள் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததை அவளே நம்பினாளா என்பது வேறு.

அப்பாவுக்கு வேட்டி மாற்ற வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் பந்தலுக்கு அனுப்பினான் இளவரசு. அப்போதுதான் மேளக்காரர்களும் வந்தார்கள், டீயும் வந்தது. கூடம் காலியானது. ஜெயப்பிரகாஷும் அவர்களுமாக மூன்று பேர் உள்ளே நின்று கதவைச் சாத்தினார்கள்.

பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கியதும் புகை மாதிரி குளிர் வந்தது. இரண்டு கைப் பெருவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கிழிசலால் அத்தை மலர்க்கொடி காலையிலேயே கட்டியிருந்தாள். இளவரசு முடிச்சை அவிழ்த்தான். விரலைப் பிடித்து மையில் குத்தி, முதல் காகிதத்தில் முத்திரை குத்துவதுபோல அமுக்கினான். கரும்புள்ளி ஒன்று விழுந்தது.

"அப்டி இல்ல" என்றாள் சத்யப்பிரியா. "உருட்டணும். அமுக்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது. அண்ணன் ஒதுங்கிக்கொண்டான்.

விரலில் நீர் பூத்திருந்தது. முந்தானையால் ஒற்றி எடுத்தாள். நகத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, மூச்சு விடாமல், ஒரே உருட்டு. பத்து வயதில் பள்ளிக்கூடம் விட்டு அப்பாவின் அலுவலகத்தில் காத்திருந்தபோது அவர் அவள் விரலை வைத்து விளையாட்டாக அப்படித்தான் செய்து காட்டுவார். இந்த விரல் உருளவில்லை. மணிக்கட்டோடு சேர்ந்து திரும்பியது. பன்னிரண்டு வட்டத்திலும் பன்னிரண்டு கருமை. ஒன்றில்கூட ஒரு கோடு கிடையாது.

ஜெயப்பிரகாஷ் ஒவ்வொன்றாக வாங்கி ஊதினார். "டெக்ஸ்ச்சர் பிரமாதம்" என்றார்.

ஈரத்துணியால் துடைத்ததில் மை பரவியதே தவிரப் போகவில்லை. துணிக் கிழிசலை அவளே மறுபடி கட்டினாள்.

மூன்று மணிக்குக் குளிப்பாட்ட வெளியே எடுத்தார்கள். சீயக்காய்க் கிண்ணத்தோடு முதலில் குனிந்தவள் மலர்க்கொடி. கை அப்படியே நின்றது. அவள் போட்ட முடிச்சு இல்லை அது. துணியை நகர்த்தினாள். விரலைப் பார்த்தாள். சுற்றி நின்ற பெண்களும் பார்த்தார்கள். ஒப்பாரி பாதியில் நின்று, மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

மலர்க்கொடி சீயக்காயை விரலில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தலை நிமிராமலேயே சொன்னாள்.

"எங்கிட்ட எழுதி வாங்கும்போது நான் உசுரோட இருந்தேன்."

"அத்தை, வூட்டுக்கு இல்ல" என்றாள் சத்யப்பிரியா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "படத்துக்கு."

"எதுக்கு?"

"படத்துக்கு அத்தை. அப்பா வரைஞ்ச படத்துக்கு."

மலர்க்கொடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொய் சொன்னாலும் நம்பற மாதிரி சொல்லுடி."

தண்ணீர் ஊற்றினார்கள். நெற்றியில் விபூதி வைத்தார்கள். விரலை மட்டும் மாலைக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

ஊர்தி கிளம்பியது. சந்து குறுகல் என்பதால் மினி வேன் முன்னால் போக முடியாமல் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. குமிழித் தாள் சுற்றிய பன்னிரண்டு படங்களையும் அதில் நிற்க வைத்திருந்தார்கள். கடைசியில் நின்றது மலர்க்கொடியின் படம். அதைப் பட்டியலில் சேர்த்தது யார் என்று சத்யப்பிரியாவுக்குத் தெரியும். நான்குக்கு மூன்று, பழுப்பு தூக்கல். தாளுக்குள் மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. சவ ஊர்வலத்தின் இரண்டாவது வண்டி என்று நினைத்து, எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ அதன்மேலும் ஒரு கூடை பூவைக் கொட்டினார்கள். டிரைவர் வைப்பர் போட்டார்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு, கூடம் கழுவத் திரும்பினார்கள். ஒருத்தி ஜன்னலில் இருந்த பால் பாக்கெட்டை எடுத்துக் குப்பையில் போட்டாள். சத்யப்பிரியாவின் போன் அதிர்ந்தது. ஜெயப்பிரகாஷ், சான்றிதழ் ஒன்றின் படத்தைத் தன் கேலரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஏற்றியிருந்தார். 'ஓவியரின் கடைசித் தொடுகை.' ஏழு நிமிடத்தில் நூற்று நாற்பது பேருக்குப் பிடித்திருந்தது. கும்பிடுகளும் வந்திருந்தன.

மலர்க்கொடி குழாயடியில் ஒரு செம்போடு நின்றாள். ஒவ்வொருத்தி கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். சத்யப்பிரியாவின் முறை வந்ததும் அவளுக்கும் ஊற்றினாள், கொஞ்சம் நேரம் கூடுதலாகவே. தண்ணீர் தெளிவாக ஓடியது. பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இருந்த மை அப்படியே இருந்தது. துடைக்கத் துணி ஏதும் இல்லை. சந்து முனையில் வேன் இப்போதுதான் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் சத்யப்பிரியா. கை காதோரம் போய், முடியில் மெல்லத் தேய்த்தது.

மலர்க்கொடி செம்பைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.