எறங்குதா

கண்ணை மூடிக்கொள் என்று சொல்லாமல், இமைக்காமல் உட்கார் என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும், அது அவளுக்குத் தொழில், பத்தொன்பது வருஷமாக அதற்குத்தான் சம்பளம்... இப்போது மூடிய கண்களிலிருந்து இரண்டு காகிதத் துண்டுகள் கன்னத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தன, பஸ் டிக்கெட்டை நீளவாக்கில் கிழித்துச் செருகியது போல. கீழிமையை இழுத்து அவற்றைச் செருகும்போது கண் மருத்துவமனை உதவியாளர் பெண் சொன்னாள், "அசையாம இருங்கம்மா, அஞ்சே நிமிஷம், ஈரம் எவ்வளவு தூரம் எறங்குதுன்னு பாப்போம்." எறங்குது. அந்தப் பெண்ணுக்கு அது ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வார்த்தை. இவளுக்கு அது பதினான்கு மாதமாகக் காதிலேயே நிற்கிற வார்த்தை. இருட்டு. சுவர்க் கடிகாரத்தின் முள் சத்தம், வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிடுவது, தன் மூச்சு. மாத்திரை ஆலையில் இப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும். பெல்ட்டுக்கு முன்னால் இன்று யார் உட்கார்ந்திருப்பார்கள்? இளஞ்சிவப்பு மாத்திரைகள், நெஞ்செரிச்சலுக்குச் சப்பிச் சாப்பிடுகிறவை, வெள்ளை விளக்கின் கீழே ஓடிக்கொண்டே இருக்கும், மூளி, விரிசல், கறுப்புப் புள்ளி, எது வந்தாலும் எடுத்துப் போட வேண்டும், ஒருமுறை இமைத்தால் ஏழு மாத்திரை கடந்துவிடும் என்று ஒருநாள் கணக்குப் பார்த்தாள், அன்றிலிருந்து இமைப்பது அவளுக்குத் திருட்டுத்தனம் மாதிரி ஆகிவிட்டது. சூப்பர்வைசர் அவளுக்கு வைத்த பெயர் கழுகு. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது விதி, மாற்றுக்கு வருகிற நெட்டை கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பாள், "எழுந்திரு தாயி, அந்த மாத்திர என்ன ஒன்ன விட்டு ஓடியா போவுது?" என்பாள். கொஞ்ச காலமாக இவள் எழுந்திருப்பதில்லை. எழுந்தால் எங்கே போவது, ஓய்வறையில் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஐந்து மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் நல்ல வறட்சி, பத்தைத் தாண்டினால் கவலையில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாண்டினால் இவளுக்குத்தான் கவலை. ஐந்துக்குள் நிற்க வேண்டும், மூன்று என்றால் இன்னும் நல்லது... பரீட்சையில் குறைவாக வாங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அதைப் படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்ப வேண்டும், பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதக் கூடாது, படம் மட்டும். பார்த்துக்கொள். நெஞ்சில் ஈரமில்லாதவள் இல்லை நான், கண்ணில்தான் ஈரமில்லை, அதற்கு வைத்தியத்தில் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, முத்திரை குத்தின தாள் இருக்கிறது. அம்மா இறந்து பதினான்கு மாதம். பதினான்கு மாதமாகத் தங்கை பேசவில்லை. கூடப் பிறந்தவளிடம் தன்னை நிரூபிக்கக் கண்ணில் காகிதம் செருகிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, சிரித்தால் காகிதம் அசையும், அடக்கிக்கொண்டாள்.

அடக்குவதற்குள் காலையில் நடந்த கூத்து நினைவுக்கு வந்து இன்னும் மோசமாயிற்று. இதே உதவியாளர் பெண் தாளும் பேனாவுமாக வந்து, தலை நிமிராமல், "எரிச்சல் இருக்கா?" என்று கேட்டாள். இவள், "யார் மேல?" என்றாள். சத்தியமாக விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது. அந்தப் பெண் பேனாவை நிறுத்தி இவளைப் பார்த்தாள், "கண்ணுலம்மா, கண்ணுல," என்றாள், பிறகு தாளால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். இருக்கிறது என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள் இவள். மணல் விழுந்த மாதிரி, உள்ளே. அறையில் டாக்டர், தங்கையைவிடச் சின்ன வயது, கண்ணையெல்லாம் பார்த்து முடித்துவிட்டுத் திடீரென்று, "வயிறு எப்படி?" என்று கேட்டார். கண்ணுக்கு வந்தவளிடம் வயிற்றைக் கேட்கிறாரே, கதவு மாறி வந்துவிட்டோமா என்று பார்த்தாள். "உப்புசம் உண்டா? சாப்பிட்டது செமிக்குதா?" எப்படிக் கண்டுபிடித்தார்? மூன்று வாய் தின்றால் நெஞ்சுக்குழியில் வந்து நின்றுவிடுகிறது, ஆலையில் கழித்துப் போடுகிற மூளி மாத்திரையை எடுக்கக் கூடாது என்று விதி, இல்லாவிட்டால் அதையே தின்று உயிர் வாழ்ந்திருப்பாள்... "ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு சொல்றாங்க. வயித்துல குடியிருக்கிற நுண்கிருமிங்க கெட்டுப்போனா கண்ணுலயும் வறட்சி வரலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது, ஆனா கேட்டு வெச்சுக்கிறது நல்லதுதானே," என்றார் டாக்டர். ஒரு தாளில் வயிறு மாதிரி ஒரு பை வரைந்தார், மேலே ஒரு கண் வரைந்தார், பையிலிருந்து கண்ணுக்கு ஓர் அம்புக்குறி, அம்பின் மேல் ஒரு கேள்விக்குறி. வயிறு எப்போதிலிருந்து? பதினாலு மாசமா. யோசிக்கவே இல்லை, சட்டென்று வந்தது, நாள் தேதியோடுகூடச் சொல்லியிருப்பாள். கண் எப்போதிலிருந்து? ரெண்டு வருஷமா. அதுவும் சட்டென்றுதான் வந்தது. ஆனால்... அது எங்கிருந்து வந்தது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் மணல் இருந்ததா? போன மழைக்குத்தானே முதன்முதலாகச் சொட்டு மருந்து வாங்கினாள்? பதினான்கு மாதத்துக்கு முந்தி என்று ஆக வேண்டும் என்பதற்காக நாக்கு தானே ஒரு கணக்குப் போட்டுவிட்டதா? அம்பு வயிற்றிலிருந்துதான் கிளம்புகிறது என்றால் வயிறுதானே முதலில், கண் பிறகுதானே... அப்படியானால் அன்றைக்குக் கண்ணில் ஈரம் இருந்ததா?

எத்தனை நிமிஷம் ஆயிற்று? இரண்டு இருக்குமா. கேட்கக் கூடாது. டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார், அதைத்தான் நினைக்கக் கூடாது, நினைத்தால் காகிதம் கெட்டுவிடும். "வேளா வேளைக்குச் சாப்பிடுறீங்களா?" அவ்வளவுதான். படிவத்தில் உள்ள கேள்வி, வருகிற எல்லோரையும் கேட்பதுதான். கேட்டதும் மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் கண்ணைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். முன்பெல்லாம் மத்தியானம் ஒன்று பத்துக்குப் போன் அடிக்கும். தங்கை. "சாப்டியாக்கா?" "ம். நீ?" "ம்." வைத்துவிடுவார்கள். என்ன ஏது என்று ஒரு பேச்சு கிடையாது, நெட்டைகூடக் கேலி செய்வாள், "இதுக்கொரு போனா, ரெண்டு பேரும் விசிலடிச்சுக்கலாமே." அந்தப் பேச்சுக்கு எத்தனை விநாடி ஆகும், பத்து? பதினொன்று? இப்போது அந்தப் பதினொரு விநாடி தினமும் வருகிறது, ஒன்று பத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது, அதனால்தான் ஓய்வறைக்குப் போவதில்லை... வேண்டாம், நினைக்காதே, இமைக்குள் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, இது காகிதத்தின் உறுத்தலா, அல்லது... மாத்திரையை எண்ணு. ஒன்று, இரண்டு, மூன்று, நல்லது, நல்லது, மூளி, நல்லது...

அன்றைக்கும் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். வாடகை நாற்காலிகளை. தங்கை வீட்டு முன்னறையில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள், இவள் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள், வந்ததும் ஆஸ்பத்திரிக் காகிதம், ஆம்புலன்ஸ்காரர், நாற்காலிக்காரர், எல்லாவற்றுக்கும் இவள்தான் கையெழுத்து, யாராவது ஒருத்தி நிமிர்ந்து நிற்க வேண்டாமா. தங்கை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அழ நேரமில்லை, சாயங்காலமாக அழுதுகொள்ளலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது, கடைக்குப் போகிற வேலையைத் தள்ளி வைப்பது போல. தொண்டை வரை வந்ததை விழுங்கினாள், மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினாள். பிறகு சமையலறையில் பெரியம்மா ஒரு தட்டைக் கையில் திணித்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்றாள், என்ன தின்றோம் என்றே தெரியவில்லை, தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். சொன்னாளே, வாய்விட்டுச் சொன்னாளே. அப்போதுதான் தங்கை வாசற்படியில் நின்றாள், முகமெல்லாம் வீங்கி, கையில் எதையோ பிடித்துக்கொண்டு. "எறங்குதா ஒனக்கு?" என்றாள். பின்னாலேயே பெரியம்மா, "அவள என்னத்தக் கேக்குற? வந்ததுலேர்ந்து கண்ணுல ஒரு சொட்டு வந்துச்சா? கல்லுடி அவ," என்றாள். இவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எல்லாம் முடிந்ததும் அன்று சாயங்காலப் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வாய்தான் கடைசி, அதற்குப் பிறகு எதுவும் ஒழுங்காக இறங்கியதில்லை. தங்கையின் போனும் வரவில்லை. இவளும்... இவள் எதற்குப் பண்ண வேண்டும், கேட்டது அவள்தானே?

மணி அடித்தது. விரல்கள் இமையை இழுத்தன, காகிதம் உருவப்பட்டது, வெளிச்சம் குத்தியது. உதவியாளர் பெண் இரண்டு துண்டுகளையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "வலது மூணு, இடது நாலு. சுத்தமா எறங்கலம்மா. பாவம், எப்படித் தாங்குனீங்க?" மூன்று, நான்கு. இவள் தேறிவிட்டாள். அவ்வளவு குத்தியதே, வந்துவிட்டது என்று பயந்தாளே, ஒன்றும் வரவில்லையா, வந்தது எங்கே போயிற்று? அந்தப் பெண் எண்களைத் தாளில் எழுதி முத்திரை குத்தினாள், டாக்டர் வரைந்த பையும் கண்ணும் கேள்விக்குறியும் அதே தாளின் மேல் மூலையில் இருந்தன. இவள் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தாள். தங்கையின் பெயரைத் தொட்டாள். கடைசிச் செய்தி பதினான்கு மாதத்துக்கு முந்தையது, அம்மாவுக்காக இவள் கிளம்பியபோது தங்கை கேட்டது, பஸ்ஸில இடம் கெடச்சுதா, அதற்கு இவள் அனுப்பிய ம்.

"அந்தப் போன அப்புறம் பாக்கலாம், தல சாயுங்க," என்று அந்தப் பெண் சொட்டு மருந்தை விட்டாள். "கொஞ்சம் கசக்கும். கண்ணுலேர்ந்து தொண்டைக்கு ஒரு வழி இருக்கு, அங்கதான் எறங்கும்." கசந்தது. நாக்கின் அடியில் மெல்ல வந்து, தொண்டையில் பரவி, விழுங்கினாள், இறங்கிற்று. இவ்வளவு சுருக்கமான வழியா? "காலைல சாப்டீங்களாம்மா?" என்று அந்தப் பெண் அடுத்த பெயரைத் தாளில் தேடிக்கொண்டே கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இவள் வராந்தா நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். படம் திரையில் அப்படியே நின்றது, அனுப்புகிற அம்புக்குறியைத் தொட்டால் தங்கைக்குப் போய்விடும். மருந்தில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது, அந்த மங்கலில் வாசற்படி தெரிந்தது, தங்கையின் கையில் இருந்தது தெரிந்தது... தட்டு. அதுவும் ஒரு தட்டுதான். ஓரமெல்லாம் காய்ந்து, ஒரு வாய்கூட எடுக்காமல், யாரோ எப்போதோ அவள் கையில் திணித்த தட்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சமையலறைக்கு வந்தாள். ஆளைக் குத்த வருகிறவள் தட்டோடு வருவாளா? அவள் என்ன சொன்னாள்? எறங்குதா ஒனக்கு. அவ்வளவுதானா? நடுவில் ஒன்று இருந்ததோ? எறங்குதாக்கா ஒனக்கு? அந்த 'க்கா' இருந்திருந்தால் அது ஏச்சு இல்லை, கேள்வி. எனக்கு எறங்க மாட்டேங்குது, உனக்கு எப்படி எறங்குது, சொல்லேன் என்று கேட்பது. இருந்ததா? பதினான்கு மாதமாக அந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பாள், பெல்ட்டுக்கு முன்னால், பஸ்ஸில், படுக்கையில், கேட்டுக் கேட்டு அந்த 'க்கா' தேய்ந்துவிட்டதா, அல்லது இல்லாத ஒன்றை இப்போது இவளே ஒட்டுகிறாளா? கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி கேட்டுப் பார்த்தாள். ஒருமுறை இருந்தது. ஒருமுறை இல்லை. கைபேசியில் மணி ஒன்று எட்டு.