ஞாயிற்றுக்கிழமை வாலண்டரி

செல்போன் கம்பெனியின் நியாயத்தை விசாரிக்க வந்த அம்மாள், திண்டிவனம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் மணமகன் அறையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை பரங்கிப் பத்தை அளவுக்கு இருந்தது. வெளிநாட்டில் அந்த போனை வாங்குகிறவர்களுக்கு, செய்த பிள்ளைகள் சிரித்த முகமாகச் செய்தார்களா என்று தெரியாவிட்டால் தூக்கம் வராதாம். அவர்கள் தூங்குவதற்காக இவள் பெங்களூரிலிருந்து ஏசி காரில் வந்திருந்தாள். கம்பெனிக்கு வெளியே, பயமில்லாமல் பேசவேண்டும் என்றுதான் செஞ்சிக்கே வந்தார்களாம். மண்டபம் கம்பெனி பிடித்தது. பிரியாணி கம்பெனியுடையது. வாசலில் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ரோஜாப்பூ கொடுத்து உள்ளே அனுப்பிய வீரமணி, கம்பெனியின் எச்.ஆர்.

அந்தக் கம்பெனியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு வெண்மதிக்குத் துணையாக நான் போயிருந்தேன். அவள் அப்பா தனகோட்டி கொத்தனார். "நைனாக்கு இன்னா பேசறதுன்னே தெரியாது பெரிப்பா. நீ டெலிபோன் ஆபீஸ்ல இங்கிலீஷோட மல்லுக்கட்டுன ஆளு, வா" என்று இழுத்து வந்துவிட்டாள். வருகிற ஞாயிறு அவளுக்கு குரூப் ஃபோர் பரீட்சை. கம்பெனி பஸ்ஸிலேயே படித்தவள். போகும்போது ஒரு பாடம். திரும்பும்போது அதே பாடம், தூங்கிக்கொண்டே. லீவு மட்டும் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷில் அதற்கு 'இஷ்டமிருந்தால்' என்று பொருள். ஆரம்பத்தில் கம்பெனியில் மைக் வைத்து, "ஞாயிற்றுக்கிழமை வேலை வாலண்டரி" என்று அறிவித்தார்கள். வராத பிள்ளைகளைத் திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு அர்த்தம் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து செஞ்சிக்கோட்டையிலிருந்து சீயமங்கலம்வரை அந்த வார்த்தைக்கு அதுதான் பொருள். எங்கள் தெருவில் குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டும்போதுகூட, "இது வாலண்டரி, வாயைத் திற" என்கிறார்கள்.

சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளப் பையன் கேட்டான்: "சண்டே ஓவர்டைம் வாலண்டரியா?"

"ஆமா சார், எல்லா ஞாயிறும் வாலண்டரிதான்" என்றாள் வெண்மதியோடு வேலை செய்யும் ரஞ்சனி. "ஒண்ணுகூட உட்டதில்ல."

"ரம்ஜான் அன்னிக்குகூட வாலண்டரி போட்டாங்க" என்றாள் பக்கத்திலிருந்த இன்னொருத்தி, இக்ரா.

இப்படி ஒரு அர்ப்பணிப்பா என்று அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வெண்மதி எழுந்தாள்.

"இந்த ஞாயிறு எனக்குப் பரீட்ச மேடம். இந்த ஒரு வாட்டி வாலண்டரிலருந்து உட்டுட சொல்லுங்க."

பையன் அதை அம்மாளிடம் சொல்லிவிட்டுக் குழப்பத்தோடு திரும்பினான். "நீங்களே வேணாம்னு சொல்லலாமேன்னு கேக்கறாங்க."

"வாலண்டரிய எப்பிடி சார் வேணாம்னு சொல்றது?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எழுந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டி, இவர்கள் அகராதியில் வாலண்டரி என்றால் கட்டாயம் என்று விளக்கினேன். சுவர்ப் பல்லி பேசியதைப் போல அம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு நெடுநேரம் லேப்டாப்பில் தட்டினாள். கம்பெனிக்குச் சீல் வைக்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன். என் மார்பு செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலை அகலத்துக்கு விரிந்தது. சாயங்காலம் டீக்கடையில், அம்மாள் என் காலில் விழுந்ததுவரை சொல்லி முடித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை வெண்மதி போனை நீட்டினாள். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு. 'வாலண்டரி என்ற சொல்லின் பொருள் ஊழியர்களுக்குத் தெரியவில்லை என ஆய்வில் தெரியவந்துள்ளது. ஞாயிறு காலை விழிப்புணர்வு வகுப்பு. அனைவரும் கட்டாயம் வரவேண்டும். வராதவர்கள் திங்கள் முதல் வேலைக்கு வரத் தேவையில்லை.'

"வயித்துவலின்னு சொல்லி ஒரு ஞாயிறு தப்பிச்சிருப்பேன் பெரிப்பா. நின்னா வெயில்லதான் நின்னுருப்பேன். இப்ப வேலைக்கே வேட்டு வெச்சுட்ட."

வீரமணிக்கு போன் போட்டேன். தேன் ஒழுகப் பேசினான். "மேடம்தான் க்ளாஸ் எடுக்க சொல்லிருக்காங்க சார். நாங்க இன்னா பண்றது? நீங்க குடுத்த பாயிண்ட்தான?"

தனகோட்டி என் பக்கம் திரும்பாமலே மகளிடம் சொன்னார்: "பரீட்ச எழுதி, அது எப்ப வேலையாவறது? என் கூலி மழ வந்தா நிக்குது. மாசம் பொறந்தா ஊட்டுக்கு வர்றது உன் சம்பளம் ஒண்ணுதான்."

ஞாயிறு காலை பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். கம்பெனி பஸ், சிரிக்கும் பெண்ணின் படம் போட்ட பேனரைக் கட்டிக்கொண்டு, ஆரனை அலறவிட்டபடி கடந்துபோனது. அதன் ஜன்னல்களில் வெண்மதியைத் தேடினேன். அவள் என் முதுகுப்பக்கம் வந்து நின்றாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. "எடுக்காத பெரிப்பா. கட் பண்ணவும் செய்யாத" என்று தன் போனை என் துணிப்பையில் போட்டாள். பின்னாலேயே ரஞ்சனி வந்து ஒன்றைப் போட்டாள். இக்ராவும் வந்தாள்.

"நீங்க எதுக்குடி வந்தீங்க?" என்று வெண்மதி கேட்டாள்.

"நாங்களும்தான் அப்ளை பண்ணோம். உன்ன மாதிரி தண்டோரா போடல."

அப்புறம் பெயர் தெரியாத பிள்ளைகள் சிலர், என்னிடம் ஒன்றும் கேட்காமல் பைக்குள் போனைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பெல் அடித்தது. கேட்டை மூடினார்கள்.

வெளியே சிமெண்டுத் திண்டில் பையை வைத்து உட்கார்ந்தேன். முதலில் பையின் ஒரு மூலை நடுங்கியது. பிறகு இன்னொரு மூலை. எட்டிப் பார்த்தேன். ஒரு திரையில் 'எச்.ஆர் சார்' என்றிருந்தது. ஒன்றில் 'பல்லு'. ஒன்றில் 'எடுக்காதே'. ஒன்று அடங்க ஒன்று தொடங்கியது. தேன்கூட்டைக் கட்டி வைத்ததுபோல் உறுமிக்கொண்டு பை இஞ்ச் இஞ்சாக நகர்ந்து திண்டின் விளிம்புக்கு வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.