நாற்பத்தெட்டுக் கட்டங்கள்

பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி நோராவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, அல்சூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள்: வாசலைப் பார்த்த நாற்காலியில் நோராவின் தம்பி ஃபிராங்க்ளின். அவனுக்கு வலப்பக்கம் அவன் மனைவி ஆஞ்சலா. ஃபிரிட்ஜுக்கு முதுகு காட்டி என் மகள் லீனா. அவளுக்கு எதிரில் நான். சமையலறையை ஒட்டிய ஐந்தாவது நாற்காலி நோராவுடையது. ஆஞ்சலா தன் கைப்பையை அதன்மேல் வைத்தாள். பிறகு எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டாள்.

சாப்பாடு பிரியாணி. தட்டில் வைத்ததை நான் முடித்துவிட்டேன். ருசி எப்படி என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

"வயிறு கல்லு மாதிரி இருக்கு அண்ணா" என்றாள் ஆஞ்சலா. "அண்ணியோட பொடி இருக்கா?"

உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டில் அப்படியேதான் இருந்தது. அஷ்ட சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என்று எட்டும் சேர்ந்தது. சோற்றின் முதல் கவளத்தில் ஒரு சிட்டிகையை நெய்யோடு பிசைந்து சாப்பிட வேண்டும். பாட்டில்மேல் இருந்த சீட்டில் அது என் கையெழுத்தில் எழுதியிருந்தது. ஆஞ்சலா மூடியைத் திறந்ததும் பெருங்காய வாசனை மேசை முழுக்கப் பரவியது.

"அத கீழ வை" என்றான் ஃபிராங்க்ளின்.

"ஏன்?"

"எங்க அக்காவக் கொன்ன பொடி அது."

"பொடி என்னங்க பண்ணும். சுக்கும் ஓமமும். போன கிறிஸ்மஸ்க்கு நீங்களே ரெண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டுக்கிட்டீங்க."

"பொடி ஒண்ணும் பண்ணலதான். ரெண்டு மாசம் வேற எதையும் பண்ண விடாம வெச்சிருந்துச்சே, அதத்தான் சொல்றேன்."

ஆஞ்சலா பாட்டிலை மூடினாள். ஃபிராங்க்ளின் என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், நீங்க ஒரு லெட்டர் எழுதணும். அந்த ஜெயலக்ஷ்மி டாக்டர் மேல. ஆயுர்வேத டாக்டருங்கள ரெஜிஸ்டர் பண்ற ஆபீஸ் இருக்குல்ல, அங்க. வயித்துல கேன்சர் வெச்சிக்கிட்டு வந்தவளுக்கு ஓமம் குடுத்து அனுப்பியிருக்கு அந்தம்மா. நீங்க எழுதுனா வேலை நடக்கும். தண்ணி போர்டுக்காரனே உங்க லெட்டரப் பாத்து ஓடி வந்து பைப் மாத்துனானே."

"அது அஞ்சாவது லெட்டர்" என்றேன்.

"இதுக்கும் அஞ்சு எழுதுங்க. புதன்கிழமைக்குள்ள குடுத்தீங்கன்னா பாரிஷ் குரூப்லயும் போட்டுடறேன். நம்ம சர்ச் ஜனம் பாதி அங்கதான் போகுது. அந்த கிளினிக்க இழுத்து மூடணும்."

லீனா தட்டின் ஓரத்தில் ஏலக்காய், பட்டை, கிராம்பை வரிசையாக எடுத்து வைத்திருந்தாள்.

"டாடி" என்றாள். "அந்த டாக்டர் ஒரு தடவகூட டெஸ்ட் எடுக்கச் சொல்லலையா?"

நான் எழுந்தேன். "பேப்பர் எடுத்துட்டு வரேன்" என்றேன்.

நான் படித்தது ஆனேக்கல் பள்ளிக்கூடத்தில். கடிதம் எழுதுவதற்கு அங்கே ஒரு வரிசை சொல்லிக் கொடுத்தார்கள். இடம், தேதி, பொருள், எண்ணிட்ட பத்திகள், கடைசியில் இணைப்பு. பிறகு முப்பத்து நான்கு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தேன். அங்கேயும் அதே வரிசைதான். வந்த காகிதத்துக்கு எண் போடு. ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடாதே. தெருக்காரர்கள் பென்ஷனுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் என்னிடம்தான் எழுதி வாங்குவார்கள். நோரா என்னை "மிஸ்டர் இணைப்பு" என்பாள்.

ஃபிராங்க்ளினும் ஆஞ்சலாவும் நான்கு மணிக்குப் போனார்கள். லீனா அவள் அம்மாவின் அறையில் படுத்துக்கொண்டாள். விடுப்பு எடுத்து வந்தவள். ஒரு வாரம் இருப்பாள். மேசையைத் துடைத்துவிட்டு நான் எழுதத் தொடங்கினேன்.

பொருள்: ஆயுர்வேத மருத்துவர் மீது புகார்.

ஒன்று. என் மனைவி நோரா, வயது ஐம்பத்தொன்பது, நான்கு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுவதாகவும் ஏப்பம் வருவதாகவும் சொன்னதால், ஆகஸ்ட் நான்காம் தேதி மேற்படி மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

இரண்டு. மருத்துவர் சாப்பாட்டுக்கு அஷ்ட சூரணமும், படுக்கும்முன் வெந்நீரில் திரிபலாவும், மதியம் வறுத்த சீரகம் போட்ட மோரும் சொன்னார். நாற்பத்தெட்டு நாள் என்றார்.

மூன்று.

மூன்றாவது பத்தியில் இரண்டாம் முறை போனதை எழுத வேண்டும். தேதி எனக்கு நினைவில் இருந்தது. இருந்தாலும் வழக்கப்படி ஃபைலை எடுத்தேன்.

ஃபைலில் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் நாளே ஸ்கேல் வைத்து நாற்பத்தெட்டுக் கட்டம் போட்டிருந்தேன். ஒவ்வொரு நாளுக்கும் தேதி, மருந்து, சாப்பிட்டது, பின்பு எப்படி. தினமும் சாப்பிட்ட அரை மணி கழித்து நோட்டோடு போய் நிற்பேன். "எப்படி இருக்கு?" என்பேன். முதல் பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. பசித்தது, இட்லி நான்கு சாப்பிட்டாள், எழுதியிருக்கிறேன். பிறகு எல்லாக் கட்டத்திலும் ஒரே வார்த்தை: பரவாயில்லை. ஒருநாள் "உங்க கட்டத்துக்கு என்ன வேணுமோ அத எழுதிக்குங்க" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பரவாயில்லை என்று எழுதினேன்.

எடைக்குக் கட்டம் போடவில்லை.

நோட்டின் அட்டைக்குள் ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதிச் சீட்டு இருந்தது. பத்தொன்பதாம் நாள். அன்று டாக்டர் ஜெயலக்ஷ்மி நோராவை எடை மெஷினில் ஏற்றினார். மூன்றரை கிலோ குறைந்திருந்தது. நோரா வெளியே போய்ச் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், மருந்து இப்போதைக்கு நிறுத்திடுங்கோ. இது வெறும் மந்தம்னு எனக்குத் தோணல. பெரிய ஆஸ்பத்திரியில வயித்துக்குள்ள குழாய் விட்டு ஸ்கோப் ஒண்ணு போட்டுப் பாத்துட்டு வாங்கோ. இந்த வாரத்துலயே."

அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். 'உடனே' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

நான் வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஆட்டோவில் நோரா கேட்டாள். "என்ன சொன்னாங்க டாக்டரம்மா?"

"கோர்ஸ முடிச்சிடலாம்" என்றேன்.

பயந்து சொன்னேனா என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். பயமாக ஒன்றும் இருந்ததாக நினைவில்லை. இன்னும் இருபத்தொன்பது கட்டம் காலியாக இருந்தது. முதல் உத்தரவு நாற்பத்தெட்டு நாள். அது முடிந்ததும் இரண்டாவதை எடுக்கலாம் என்று இருந்தேன். செப்டம்பர் இருபதாம் தேதி கடைசிக் கட்டத்தை எழுதி, கீழே கோடு போட்டேன். இருபத்து நான்காம் தேதி ஸ்கோப்புக்கு அழைத்துப் போனேன். அதற்குள் கேன்சர் கல்லீரலுக்குப் போயிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். ஒரு மாதம் முன்னே வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

புகாரில் மூன்றாவது பத்தியை எழுதாமல் நான்காவதுக்குப் போக முடியுமா என்று பார்த்தேன். முடியும். சீட்டை இணைப்பில் சேர்க்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தாளை அப்படியே வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கிளினிக்குக்குப் போனேன். மார்க்கெட் தெருவில் ஒற்றை அறை. வெளி பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். என் முறை வந்ததும் உள்ளே போனேன். டாக்டர் ஜெயலக்ஷ்மி கல்வத்தில் எதையோ பொடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கோ ஓஸ்வால்ட் சார். எவ்வளவு நாளாச்சு. ஸ்கோப்ல என்ன வந்ததுன்னு ஒரு ஃபோன் பண்ணப்படாதா? மேடம் எப்படி இருக்கா? இப்போ சாப்பிட முடியறதா?"

"போயிட்டாங்க" என்றேன். "இன்னியோட முப்பத்தோரு நாள்."

அவர் உட்கார்ந்தார். வெளியே பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஸ்கோப் எப்போ எடுத்தேள்?"

"செப்டம்பர் இருபத்து நாலு."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கார்பன் வைத்து எழுதும் புத்தகம். என் சீட்டின் நகல் அதில் நீல நிறத்தில் இருந்தது. இரண்டு கோடும் இருந்தது. பக்கத்தில் பென்சிலில், 'பதில் இல்லை. ஃபோன் செய்யணும்' என்று எழுதியிருந்தார்.

"ஃபோன் பண்ணணும்னு எழுதி வெச்சேன். பண்ணல" என்றார். "நீங்க எதையும் விடாம செய்யறவர். அடுத்த நாளே போயிருப்பேள்னு இருந்துட்டேன்."

"நான் கோர்ஸ முடிச்சேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எத்தன நாள்?"

"நாப்பத்தெட்டும்."

"மகளுக்குத் தெரியுமா?"

"இல்ல."

வெளியிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "மேடம், லேட்டாகுத்தா?" என்று கன்னடத்தில் கேட்டாள். "ஐது நிமிஷா" என்றார் டாக்டர். நான் எழுந்துவிட்டேன். ஐந்து நிமிடம் எனக்குத் தேவைப்படவில்லை. புகார் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடம் அது இல்லை.

அன்று மதியம் லீனா கடைக்குப் போயிருந்தபோது பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். வாயால் சொல்லலாம்தான். ஆனால் மேசையில் அவள் கேட்டபோது நான் பேப்பர் எடுக்கப் போனவன். இன்னொரு தடவை கேட்டாலும் வேறு எதையாவது எடுக்கப் போவேன். காகிதத்தில் போட்டுவிட்டால் எழுந்து போக முடியாது.

பொருள்: நோராவின் சிகிச்சையில் நேர்ந்த தாமதம் குறித்து.

ஒன்று. டாக்டர் ஜெயலக்ஷ்மி ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதியே ஸ்கோப் எடுக்கச் சொன்னார். மருந்தை நிறுத்தவும் சொன்னார்.

இரண்டு. அதை நான் நோராவிடம் சொல்லவில்லை. உங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று. முப்பத்து மூன்று நாள் தாமதம் என்னுடையது. கட்டங்களை முடிப்பதற்காகச் செய்தேன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான்கு. ஆகவே மேற்படி டாக்டர் மீது புகார் எழுதவோ, குரூப்பில் போடவோ வேண்டாம். போடுவதானால் இந்தக் கடிதத்தைப் போடவும்.

ஐந்தாவதாக ஒன்று எழுத நினைத்தேன். எண் மட்டும் போட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எண்ணை அடித்துவிட்டேன். இரண்டு பிரதி எழுதினேன், ஃபிராங்க்ளினுக்கு ஒன்று, லீனாவுக்கு ஒன்று. அவன் பிரதியில் சீட்டின் ஜெராக்ஸ். அசல் சீட்டு லீனாவுக்கு.

செவ்வாய்க்கிழமை காலை அல்சூர் போஸ்ட் ஆபீஸில் கோந்து டப்பா காய்ந்துபோயிருந்தது. விரலில் தண்ணீர் தொட்டுக் குழைத்து இரண்டு கவரையும் ஒட்டினேன். ஓரங்களை நகத்தால் அழுத்தினேன். கவுண்டரில் இருந்த பெண் ஃபிராங்க்ளினுடையதை முதலில் வாங்கித் தராசில் வைத்தாள். எடையைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் தட்டினாள். பிறகு லீனாவுடைய கவரை வைத்தாள். தட்டியவள் பாதியில் நிறுத்தி, கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், ஃப்ரம் அட்ரஸும் டூ அட்ரஸும் ஒண்ணே போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"ஒரே வீடா?"

"ஒரே வீடுதான்."

"அப்ப கையிலயே குடுத்துடலாம்ல? நாளைக்குத்தான் போய்ச் சேரும்."

"நாளைக்குப் போனா போதும்" என்றேன்.

அவள் ஸ்டிக்கரை ஒட்டி, கவரைப் பின்னாலிருந்த பையில் போட்டாள். ரசீதுகள் இரண்டையும் வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.