சம்பந்தியின் காற்று

எங்கள் வீட்டு ஜீப்பில் அல்லாமல் மாதா சுரூபம் திருநாளுக்கு இலங்கைத்துறைக் கடற்கரைக் கோயிலுக்குப் போனதில்லை. அப்பாவுக்குப் பிறகு அந்த உரிமை எனக்கு. இந்த வருடம் பங்குச் சுவாமியார், "பேணாட்டின்ர புதுக் கெப் வாகனமும் பின்னால வரட்டும். மணல் பாதை, ஒரு துணைக்கு" என்றார்.

பேணாட் என் சம்பந்தி. மகள் சுலக்ஷனாவின் மாமனார். அவர் கெப் வாங்கிய நாளிலிருந்து என் பேரப்பிள்ளைகள் ஜீப்பில் ஏறுவதில்லை. ஏசி இல்லையாம்.

போன மாதம் எங்கள் முற்றத்தில் குனிந்து, மாட்டுக்குப் பல் பார்ப்பவரைப் போல என் டயரைத் தடவினார்.

"சம்பந்தி, நடுவில மட்டும் தேஞ்சு மொட்டையாப் போச்சு. ஓரம் புதுசு மாதிரிக் கிடக்கு. காத்தைக் கூடுதலா அடிக்கிறியள். முப்பத்திரண்டு பி.எஸ்.ஐ. காணும்."

"எங்கட வீட்டு வாகனம் நொண்டிக்கொண்டு நிக்கிறேல்லை" என்றேன்.

நாற்பத்தைந்துக்குக் குறைய நான் அடித்ததில்லை. வாசலில் பிதுங்கிய டயரோடு வாகனம் நின்றால் வீட்டைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்?

திருநாளன்று, தார் வீதி முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் பேணாட் கெப்பை நிறுத்தி நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். அவை சப்பையாகிப் பிதுங்கின. என் நெஞ்சு குளிர்ந்தது.

"புதுக் கெப்புக்கு முழங்கால் வருத்தமோ?"

கூட வந்த சனம் சிரித்தது. பேணாட்டும் சிரித்தார்.

"நீங்களும் இறக்குங்கோ. மணலுக்குப் பதினெட்டு போதும்."

"மாதா இருக்கிற வண்டி. இறக்கேலாது."

ஜீப் அதிக தூரம் போகவில்லை. நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் என்று பெயர். நான்கும் சேர்ந்துதான் தோண்டின. அச்சு வரை மணல். கெப் என்னைக் கடந்து, மிதப்பதுபோலப் போய் நின்றது. உள்ளேயிருந்து என் பேரப்பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பேணாட் இறங்கி வந்தார். "சுரூபத்தை என்ர கெப்புக்கு மாத்துவமே, சம்பந்தி?"

நல்ல மனதோடுதான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தேவையில்லை."

வேட்டியை மடித்துக் கட்டி, மணலில் முழந்தாளிட்டு, சாவி முனையால் வால்வை அழுத்தினேன். அளக்கும் கருவி என்னிடம் இல்லை. பேணாட்டின் டயரைக் கடைக்கண்ணால் பார்த்து, அதே பிதுக்கம் வரும்வரை நான்கிலும் காற்றை விட்டேன். சனம் சில்லின் முன்னால் மணலை வழித்துவிட, ஜீப் முக்கி எழும்பியது. சுரூபம் எங்கள் வீட்டு ஜீப்பிலேயே கோயில் வாசலில் இறங்கியது.

திரும்பும்போது, தார் வீதி தொடங்குமிடத்தில் பேணாட் காற்றடிக்கும் மோட்டரை நீட்டினார்.

"பிடியுங்கோ. இப்பிடியே ஓடினா சூடேறி ரெண்டு ஓரத்தையும் தின்னும்."

"மூதூரில கடை இருக்கு."

அந்தக் கடை பூட்டியிருந்தது. பின்னால் கெப் மெதுவாக வந்துகொண்டே இருந்தது. நிற்கச் சொல்லி நான் கை காட்டவில்லை. திருகோணமலையில் வீடு வரை அப்படியே ஓட்டி வந்தேன்.

டயரின் ஓரங்கள் கன்றி உரிந்து கிடக்கின்றன. வந்து தடவிப் பார்க்கட்டும். நடு மட்டும் மொட்டை என்று இனி அவர் சொல்ல முடியாது.